பார்ப்பவர் குடும்பத்தார் என்றால்

ஜெரால்டு எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறான். பின்னந்தலையும் காதிலிருந்து தொங்கும் வெள்ளை ஒயரும்தான் தெரிகின்றன. மேடவாக்கத்தில் நான் ஆபீஸ் பஸ்ஸில் ஏறியபோது நிமிர்ந்து பார்த்து எப்போதும்போல லேசாகத் தலையை ஆட்டினான். நான்தான் கைப்பைக்குள் எதையோ துழாவுகிற மாதிரி அவனைத் தாண்டி வந்துவிட்டேன். பையில் தேட ஒன்றும் இல்லை. விரலில் பட்டது டிபன் டப்பாவின் மூடி, அதையே பிடித்துக்கொண்டு நடந்தேன். அவன் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. மூன்று வருஷமாக இந்த பஸ்ஸில் அநேகமாக அந்த சீட்டில்தான் நான் உட்காருவேன், அவன் ஊர்க் கதை சொல்வான், தூத்துக்குடியில் அவன் அப்பா வளர்க்கும் புறாக்களைப் பற்றி, நானும் தென்காசிப் பக்கம் என்பதால் அவன் பேச்சில் வருகிற 'என்னக்கா செய்யுதிய' கேட்டால் மனசு கொஞ்சம் இளகும். நேற்றும் உட்காரவில்லை, இன்றைக்கும் இல்லை. அவன் கவனித்திருப்பான். கவனிக்காமல் இருக்க மாட்டான், பிறர் விட்டுவிடுகிற சின்னச் சின்னதையெல்லாம் கவனிக்கிறவன், அதனால்தானே ஜனவரியில் யாரும் சொல்லாமலே உட்கார்ந்து எங்கள் புரோகிராம் கோப்புகள் எல்லாவற்றிலும் வரிகளின் இடைவெளியை ஒழுங்கு செய்தான். அந்த ஒழுங்குதான் அவனை மாட்டிவிட்டது. இல்லை. ஒழுங்கு மாட்டிவிடவில்லை. வடிவு, சரியாகச் சொல்லு. மாட்டிவிட்டது நீ.

பெரும்பாக்கம் தாண்டுகிறது. ஃபோனை எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுக்கிறேன். பதினாலு. காலையில் பல் தேய்க்கும்போதும் பதினாலுதான். பதினாலு பேர் இன்னும் திறக்கவில்லை. இதை யாரிடம் சொன்னால் புரியும்? என் வீட்டுக்காரரிடம் நேற்று சாயங்காலம் சொல்ல ஆரம்பித்து, ஆபீஸில் ஒரு சின்ன சிக்கல் என்று நிறுத்திக்கொண்டேன். சின்ன சிக்கல். நாங்கள் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆப் செய்து கொடுத்திருக்கிறோம். நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதும் அறிக்கை அவர் ஃபோனுக்கும் அவர் அனுமதித்த குடும்பத்தாரின் ஃபோனுக்கும் போகும். நோயாளியைப் பற்றிய விவரம் எங்கள் புரோகிராமுக்குள் பெட்டிக்குள் பெட்டியாக இருக்கும். நோயாளி என்ற பெரிய பெட்டி, அதற்குள் இந்த முறை வந்துபோன விவரம், அதற்குள் டாக்டரின் குறிப்பு, அதற்குள் அந்தரங்கம் என்று ஒரு சின்னப் பெட்டி. அனுப்பும்போது எல்லாப் பெட்டியையும் பிரித்து ஒரே நீளமான எழுத்தாக ஆக்க வேண்டும், ஜேசன் என்போம். அப்படி எழுதிக்கொண்டு போகும்போது ஒரு நிபந்தனை: பார்ப்பவர் குடும்பத்தார் என்றால் அந்தரங்கத்தை விட்டுவிடு. நான் எழுதிய நிபந்தனைதான். போன வருஷம் ஆகஸ்டில். ஒரே ஒரு வரி. வெளிப்பெட்டியில் ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் டாக்டர் ஏதாவது பழைய வருகையைச் சேர்த்திருந்தால், அந்தப் பழைய வருகையும் முழுசாக இதற்குள் வந்து உட்காரும், அதன் குறிப்போடு, அதன் அந்தரங்கத்தோடு. அந்த உள்பெட்டியை எழுதும்போது பார்ப்பவர் யார் என்பதை நான் சேர்த்து அனுப்பவில்லை. அங்கே பார்ப்பவர் என்ற இடம் வெறுமை. வெறுமை குடும்பத்தார் இல்லை. ஆகவே விடவில்லை, எழுதிவிட்டது. நோயாளியைத் தவிர எவர் பார்த்தாலும் அந்தரங்கத்தை விட்டுவிடு என்று எழுதியிருந்தால் வெறுமையும் வெளியே நின்றிருக்கும். திருப்பி எழுதியிருக்க வேண்டியது ஒரே வரிதான்.

அதுவாவது தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்த வரிக்கு மேலே நானே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன், உள்ளே இருக்கும் வருகைகளுக்கும் பார்க்க வேண்டும், பிறகு. பிறகு. அன்றைக்கு மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள், எழுந்து போனேன், மறுநாள் வேறு வேலை. செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நோயாளிப் பெண்ணின் கடிதம் வந்ததும் நான் முதலில் செய்தது அந்தக் கோப்பைத் திறந்ததுதான். என் குறிப்பு அங்கேயே இருந்தது. பிறகு என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதம் அச்சடித்தது இல்லை, கோடு போட்ட நோட்டுத் தாளில் கையால் எழுதி ஆஸ்பத்திரி கவுண்டரில் கொடுத்ததை ஸ்கேன் எடுத்து அனுப்பியிருந்தார்கள், பெயரை மட்டும் கறுப்படித்து. 'டாக்டர் அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவங்க கதவைச் சாத்திட்டுத்தான் கேட்டாங்க.' கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை கரு உண்டாகிக் கலைத்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய வருகையில் சொன்னது. இந்த முறை பிரசவம் முடிந்து, குழந்தையோடு வீட்டுக்குப் போய், அறிக்கை கணவன் ஃபோனுக்கு வந்திருக்கிறது. கணவனின் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, என்னென்ன மாத்திரை என்று படிச்சுக் காட்டுடா என்று கேட்டிருக்கிறார், அவனும் சத்தமாகப் படித்துக்கொண்டே போயிருக்கிறான். மாத்திரை, சாப்பாடு, தையல் பிரிக்கும் தேதி, முந்தைய வருகை. 'அவர் நிறுத்தத் தெரியாம அந்த வரியையும் படிச்சிட்டார்.' அப்படித்தான் எழுதியிருந்தாள். திட்டவில்லை, வழக்குப் போடுவேன் என்று சொல்லவில்லை. இப்போது அக்கா வீட்டில் இருக்கிறேன், இது எப்படி அந்த ஃபோனுக்குப் போச்சு என்று மட்டும் சொல்லுங்கள், டாக்டர் அம்மா சொல்லிவிட்டாரா என்று கேட்டிருந்தாள். டாக்டர் அம்மா சொல்லவில்லை. சொன்னது நான். அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

சோழிங்கநல்லூர் சிக்னல். மெட்ரோ வேலைக்காக ரோட்டில் பாதியைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள், பஸ் நகரவில்லை, டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கழுத்தைத் துடைக்கிறார். செண்பகம் அக்கா நினைவு வருகிறது. வராமல் இருக்கட்டும் என்று இரண்டு நாளாகத் தள்ளிக்கொண்டிருந்தேன், கடிதத்தில் 'அக்கா வீட்டில்' என்று படித்தபோதே வந்துவிட்டது. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபத்தொன்று. பெண் பார்க்க வந்திருந்தார்கள். முந்தின நாளே அம்மா என்னைச் சமையற்கட்டில் நிறுத்திவைத்து, அக்காவுக்கு வலிப்பு வருகிறதை யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். நான் திறக்கவில்லை. வலிப்பு என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. மாப்பிள்ளையின் அத்தை என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, லீவுக்கு எங்கெல்லாம் போனே என்று கேட்டார். மதுரைக்கு என்றேன். கோயிலுக்கா என்றார். கோயிலுக்கு இல்லை, அக்கா தலையில் பசை தடவி நிறைய ஒயர் ஒட்டி மெஷினில் கோடு கோடாகப் படம் வந்தது, பார்க்கவே நல்லாயிருந்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். எனக்குப் பெருமை வேறு. எல்லாரும் பேசுவதை நிறுத்திவிட்டு என்னையே கேட்கிறார்களே என்று. அம்மா கையிலிருந்த காபித் தட்டு சாயவில்லை, எதுவும் விழவில்லை, அவர்கள் காபியைக் குடித்து முடித்து மரியாதையாகத்தான் போனார்கள். அம்மா அன்றைக்கு அடித்தாள். அக்கா அடிக்கவில்லை, கேட்கவும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு அப்பளம் வைத்தாள். இப்போது சிவகாசியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், கல்யாணம் ஆகவில்லை, அதனால்தான் ஆகவில்லை என்று சொல்லவும் முடியாது, சந்தோஷமாக இருக்கிறேன் என்கிறாள், இருக்கலாம். நான் ஒருநாளும் அதைப் பற்றி அவளிடம் பேசியதில்லை. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவளே சொல்லிவிடுவாள் என்ற பயம். அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம். ஒன்பது வயதில் தெரியாது, சரி. முப்பத்தேழில்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹேமலதா எல்லாரையும் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டாள். எங்கள் மேனேஜர், என்னைவிட ஒரு வயது சின்னவள், பதற மாட்டாள். அந்தக் கோப்பைத் திரையில் போட்டாள். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் வரும். வரிசையாக ஜெரால்டு, ஜெரால்டு, ஜெரால்டு. இடைவெளியைச் சரிசெய்தவன் பெயர் எல்லா வரிக்கும் மேலே போர்த்திக் கிடந்தது. அதை ஒரு அடுக்கு விலக்கினால் கீழே என் பெயர் இருக்கும். ஹேமா விலக்கவில்லை. அவசரம். ஜெரால்டு திரையைப் பார்த்துவிட்டு, நான் இடைவெளியை மட்டும்தான் மாத்தினேன்னு நினைக்கேன் என்றான். நினைக்கேன் என்றான். அந்த நினைக்கேன்தான் என்னைக் கொன்றது, அவனுக்கே அவன் மேல் சந்தேகம் வந்துவிட்டதே. நான் என் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினேன், திறந்தேன், மூடினேன். வாயில் தண்ணீர் இருந்தால் பேச வேண்டாம் என்று ஒரு மடக்கு குடித்தேன். யார் செய்தது என்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் யார் சரிசெய்வது என்று ஹேமா கேட்க, நான் செய்கிறேன் என்று கையைத் தூக்கினேன். ஒரு மணி நேரத்தில் செய்து முடித்தேன். நிபந்தனையைத் திருப்பி எழுதினேன், பார்ப்பவர் யார் என்பதை எல்லா உள்பெட்டிக்கும் சேர்த்து அனுப்பினேன், நாலு அடுக்கு ஆழம் வரை சோதித்தேன். போகிற போக்கில் என் பழைய குறிப்பையும் அழித்தேன். எல்லார் முன்னாலும் ஹேமா சொன்னாள், வடிவு இருக்கறதால தப்பிச்சோம். கைகூடத் தட்டினார்கள். ஜெரால்டும் தட்டினான். மறுநாள் அவனை இந்த வேலையிலிருந்து எடுத்து, விசாரணை முடிகிற வரை வேறு குழுவில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால்கூட ஒருவேளை நான் கல்லாகியிருப்பேன், ஆறு மாதத்தில் மறந்தும் போயிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். ஆனால் செவ்வாய்க்கிழமையே ஹேமா என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள், வேற யாருக்கும் இப்படிப் போகலையே? பார்த்துட்டு இருக்கேன் என்றேன். அப்போது நான் பார்த்து முடித்துவிட்டிருந்தேன். டாக்டர்கள் பழைய வருகைகளைச் சேர்க்க ஆரம்பித்ததே போன வாரம்தான், அதற்குள் நாற்பத்தொரு அறிக்கை போயிருந்தது. அந்தக் கடிதக்காரியையும் சேர்த்துப் பதினைந்து வீட்டில் திறந்துவிட்டார்கள், இருபத்தாறு திறக்கவில்லை. திறக்காததைத் திரும்ப எடுத்துவிடலாம், அதற்கு வசதி இருக்கிறது. ஆஸ்பத்திரி சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிடம் கேட்க வேண்டுமென்றால் நாற்பத்தொன்று என்று சொல்ல வேண்டும். நாற்பத்தொன்று என்றால் பெரிய விசாரணை, முதல் வேலையாகப் பழைய அடுக்குகளையெல்லாம் விலக்கிப் பார்ப்பார்கள், ஆகஸ்ட் வரும், நான் எழுதி நானே அழித்த பிறகு என்ற சொல் வரும். அழித்தது எதுவும் அங்கே அழியாது, அழித்த நேரத்தோடு நிற்கும். பன்னிரண்டு வருஷமாக நான்தான் இந்த அலுவலகத்தில் ஜாக்கிரதையான ஆள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வாரத்தில் ஒருநாள் வகுப்பு எடுக்கிறேன், எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று. நாளைக்குச் சொல்லலாம் என்று செவ்வாய் சாயங்காலம் நினைத்தேன். அப்போது இருபத்தாறு. புதன் காலை இருபத்திரண்டு. புதன் மாலை பதினேழு. அவர்கள் தாமாகவே திறக்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று ஒரு குரல் எனக்குள் பேசியது. நல்ல நிதானமான குரல், வகுப்பு எடுக்கும்போது வருகிற அதே குரல்.

பஸ் கிளம்பிவிட்டது. செம்மஞ்சேரி வரப்போகிறது. ஃபோனில் அந்த அறிக்கைகளின் பட்டியலை மேலே இழுத்துவிட்டேன். பெயர் வராது, எண் வரும், பார்ப்பவரின் உறவு வரும், திறந்த நேரம் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை, அதையாவது என் பக்கம் எழுதிக்கொள்ளலாம் என்று பார்த்தால், படிக்காததும் ஒரு தந்திரம்தான், படித்திருந்தால் இரண்டு நாள் தாங்கியிருக்க மாட்டேன். என் கண்ணெதிரே ஒரு வரி மாறியது. உறவு: தந்தை. திறந்த நேரம்: எட்டு இருபத்தொன்று. பதினாலு, பதின்மூன்று ஆனது. இப்போது. இந்த நிமிஷம். ஏதோ ஊரில் ஒரு அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மகளின் அறிக்கை வந்திருக்கிறதே என்று விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மகளோ மகனோ. அந்த உள்பெட்டியில் இருப்பது ஒன்றுமில்லாத சளிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். தூக்க மாத்திரையாகவும் இருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ சொன்ன ஏதோ ஒன்று. பக்கத்து சீட்டில் ஒரு பெண் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறாள், என்னைப் பார்த்தால் அவளுக்கு ஒன்றுமே தெரியாது, வேலைக்குப் போகிற ஒரு அக்கா. இவ்வளவு நேரம் நான் வெட்கப்பட்டதெல்லாம் எதற்கு? பெயர் வெளியே வந்துவிடுமே என்பதற்கு. அந்தப் பெண் அவள் அக்கா வீட்டில் பச்சைக் குழந்தையோடு உட்கார்ந்து, டாக்டர் அம்மாவா சொன்னார் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். இரண்டு நாளாக அவளுக்காக எனக்கு ஒரு நிமிஷம்கூட அழுகை வரவில்லை. எனக்காக இரண்டு தடவை அழுதேன்.

எழுந்தேன். பஸ் ஆடியது, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் ஜெரால்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் காதிலிருந்து ஒயரைக் கழற்றினான். முன்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னேன், அந்த வரி நான் எழுதினது, ஜெரால்டு, உன்னோடது இல்ல. சொல்லி முடித்தபின்தான் அவன் பக்கம் திரும்ப முடிந்தது. அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"தெரியும்க்கா," என்றான். "செவ்வாய்க்கிழமையே பார்த்துட்டேன்."

ஏன் ஹேமாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன், அப்படிக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று தெரியாமலே கேட்டுவிட்டேன். அவன் ஒயரை விரலில் சுற்றினான்.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். நேத்து சாயந்தரம் வரைக்கும்."

நேற்று சாயந்தரத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அவன் சொல்லவில்லை. இன்னும் பதின்மூன்று பேர் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அப்போதுதான் அவன் முகம் மாறியது. நாற்பத்தொன்று என்பது அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது என் பெயர் மட்டும். என்னை அவன் பார்த்த பார்வையைத் தாங்குவதற்காகவே ஃபோனை எடுத்து ஹேமாவைக் கூப்பிட்டேன், பஸ்ஸில் இத்தனை பேர் காது கேட்க. அவள் காரில் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், வரி என்னுடையது, போனது நாற்பத்தொன்று, பாக்கி பதின்மூன்று, உடனே ஆஸ்பத்திரியைக் கேட்டால் எடுத்துவிடலாம். வார்த்தை அதுபாட்டுக்கு வந்தது, கஷ்டமாகவே இல்லை, இதற்காகவா இரண்டு நாள் என்று தோன்றியது. பிறகு அவள் கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சது, வடிவு?"

இப்பதான் என்று சொல்லலாம். நாலு எழுத்தோ ஐந்து எழுத்தோ. காலையில் பட்டியல் போட்டுப் பார்த்தேன், இப்பதான் தெரிந்தது, உடனே கூப்பிட்டேன். நம்புவாள், நம்பத்தான் விரும்புவாள், அவள் குரலிலேயே அதற்கு இடம் விட்டிருந்தாள். ஜெரால்டு பக்கத்தில் இருப்பதால்தான் நான் அதைச் சொல்லவில்லையா, அவன் இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா, எனக்குத் தெரியாது, இனிமேலும் தெரியப்போவதில்லை.

"செவ்வாய்க்கிழமை," என்றேன். "நீங்க கேட்டப்பவே தெரியும்."

எண்களை அனுப்புங்கள், ஆஸ்பத்திரியிடம் நான் பேசுகிறேன், நடந்ததை நேரத்தோடு எழுதி ஒன்பதரைக்குள் என் மேஜையில் வையுங்கள் என்றாள். திட்டவில்லை. இதுவரை என்னிடம் ஒருமையில்தான் பேசுவாள், வடிவு வா, வடிவு பாரு என்று. உங்களுக்கு, அனுப்புங்கள், வையுங்கள் என்பதெல்லாம் பேசி முடித்த பிறகுதான் உறைத்தது.

நாவலூர் பாலத்தடியில் பஸ் நின்றபோது பட்டியலில் பன்னிரண்டு வரிகள் சாம்பல் நிறமாயின. திரும்பப் பெறப்பட்டது. பதின்மூன்றில் ஒன்று அந்தக் கால் மணி நேரத்துக்குள் நழுவிவிட்டது, உறவு: கணவர். ஜெரால்டிடம் காட்டினேன், பார்த்தான், சரிக்கா என்றான். உன்னைத் திரும்ப எடுக்கச் சொல்கிறேன், எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். சொல்லுங்க என்றான். இறங்கியதும் டீ குடிக்கலாமா என்று கேட்டுவிட்டேன், வாய் தானாகக் கேட்டது. "இல்லக்கா, எனக்கு வேலை இருக்கு," என்று சொல்லி ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாக இருந்தால் நான் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பேன்.

சிறுசேரி போய்ச் சேர இன்னும் பத்து நிமிஷம் ஆகும். ஃபோனிலேயே எழுத ஆரம்பித்தேன். 'உள்ளடங்கிய வருகைகளுக்கு நிபந்தனை விடுபட்டிருந்தது.' நன்றாக இருந்தது. படித்தால் ஏதோ தானாகவே கழன்று விழுந்த மாதிரி. அடுத்து, 'எண்ணிக்கை உடனடியாகத் தெரிவிக்கப்படவில்லை.' இதுவும் நன்றாகத்தான் இருந்தது, யாரும் இல்லாத வாக்கியம். இருபத்தாறில் பன்னிரண்டு போனால் பதினாலு. அந்தப் பதினாலு வீட்டிலும் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகுதான் திறந்திருக்கிறார்கள். முதல் பதினைந்தும் ஆகஸ்டில் எழுதிய வரியால் போனவை, அதைப் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம், பெரிய நிறுவனங்களிலும் நடப்பதுதான் என்று ஹேமாவே எழுதிக் கொடுப்பாள். இந்தப் பதினாலுக்கு எந்த வரியும் காரணம் இல்லை. வரியை நான் செவ்வாய் மத்தியானமே சரிசெய்துவிட்டேன். இரண்டு வாக்கியத்தையும் அழித்தேன். விடுபட்டிருந்தது என்பதை விட்டுவிட்டேன் என்று மாற்றினேன். தெரிவிக்கப்படவில்லை என்பதைத் தெரிவிக்கவில்லை என்று மாற்றினேன். அப்போதும் யார் என்பது அதில் இல்லை, நம் பேச்சில் ஆளைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம், படிக்கிறவர்கள் நிரப்பிக்கொள்வார்கள், அல்லது நிரப்பாமல் போய்விடுவார்கள். பஸ் ஆபீஸ் கேட்டுக்குள் திரும்பியது, எல்லாரும் எழுந்து பைகளை எடுக்கிறார்கள், ஜெரால்டு என் முழங்காலைத் தாண்டி வழி கேட்டு இறங்கிப் போகிறான். நான் உட்கார்ந்தே இருக்கிறேன். முதல் வாக்கியத்துக்கு முன்னால் விரலை வைத்து நான் என்று அடித்தேன். இரண்டாவதற்கு முன்னாலும் அடித்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, இறங்கலியாம்மா என்று கேட்டார்.